மல்லர் கம்பம் கற்பிப்பவருக்குச் சான்றிதழ் வேண்டுமா?

தமிழகத்தில் மல்லர் கம்பத்துக்குப் பெயர்பெற்றது விழுப்புரம். கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளிலும் இடம்பெற்றுள்ள இக்கலையில், ஆளுயரத்தை மிஞ்சிய, விளக்கெண்ணெய் பூசிய மரக்கம்பத்தில் பிள்ளைகள் ஏறித் தலைகீழாக ஆசனங்கள் செய்கின்றனர். இத்தகைய பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்ப விரும்பும் ஏரியூர்ப் பகுதிப் பெற்றோருக்காக இதனை எழுதுகிறோம்.

மருத்துவருக்கு உள்ளதுபோன்ற கட்டாயப் பதிவு விளையாட்டுப் பயிற்சியாளருக்கு இல்லை. சான்றிதழ் அவர் முறையாகக் கற்றதற்கு அடையாளம். அவருடைய கவனத்துக்கு உறுதியன்று. ஆகவே பயிற்சியை நேரில் சென்று காணுங்கள். கம்பத்தைச் சுற்றித் தடித்த மெத்தை உள்ளதா? புதிதாகக் கற்கும் பிள்ளையைத் தாங்கிப் பிடிக்க அருகில் ஆள் நிற்கிறாரா? உடல் வலுப்பெறும் முன்னரே கடினமான நிலைகளுக்கு அவசரப்படுத்துகிறாரா? அவர் முதலுதவி அறிந்தவரா?

வலிப்பு, இதயநோய், அண்மையில் எலும்பு முறிவு ஆகியவை உள்ள பிள்ளையெனில், முதலில் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுங்கள். முறிவுக்குப் பிந்தைய உடற்பயிற்சி சிகிச்சையைச் சார்ந்தது. அதனை விளையாட்டு ஆசிரியரிடம் விடாமல் இயன்முறை சிகிச்சையாளரிடமே பெற வேண்டும். அத்தொழிலையும் உள்ளடக்கி ஒழுங்குபடுத்த 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியுள்ளது.

விழுந்த பிள்ளைக்குக் கழுத்துவலியோ கைகால் மரத்துப்போதலோ இருந்தால் தூக்கி நிறுத்தாதீர்கள். எண்ணெய் தடவி உருவிவிடாதீர்கள். கிடந்த நிலையிலேயே அசையாமல் வைத்து, உடனே 108ஐ அழையுங்கள்.