பின்வாங்கும் பனியாறு

ஆறு என்றதும் ஓடும் நீரே நம் நினைவுக்கு வரும். ஆனால் பனிக்கட்டியே ஆறாகி மலையிலிருந்து இறங்குவதும் உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டிலுள்ள அலெச் பனியாறு அத்தகையது. 20 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டுள்ள இதுவே ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளில் மிகப் பெரியது.

உயர்ந்த சிகரங்களில் பெய்யும் பனி கோடையிலும் முற்றும் உருகுவதில்லை. அடுக்கடுக்காகச் சேர்ந்து, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகிச் சரிவில் மெல்ல நகர்கிறது. தாழ்ந்த இடத்தை அடைந்ததும் உருகி நீராகிறது. மேலே சேர்வதைவிடக் கீழே உருகுவது மிகுந்தால் அதன் முனை மேல்நோக்கிப் போகும். இதையே பின்வாங்குதல் என்கிறோம். பனி திரும்பி நடப்பதில்லை. எப்போதும்போல் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் வரவைவிடச் செலவு கூடிய குடும்பத்தைப் போல் அதன் கையிருப்புக் குறைகிறது.

17-ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறு. குளிர் மிகுந்த அக்காலத்தில் பனியாறு வளர்ந்தது. அதன் ஓரத்தில் பனிச்சுவர் தடுத்து நிறுத்தியிருந்த மேர்யெலன் ஏரி, அவ்வப்போது உடைத்துக்கொண்டு பள்ளத்தாக்கை வெள்ளக்காடாக்கியது. அஞ்சிய ஃபீஷ், ஃபீஷர்டால் ஊர்களின் கத்தோலிக்க மக்கள் 1678-ஆம் ஆண்டில், நல்வாழ்வு வாழ்வதாக இறைவனுக்கு வாக்குக் கொடுத்து, பனியாறு வளராதிருக்க மன்றாடினார்கள். அவர்கள் வழிவந்தோரும் அவ்வேண்டுதலைத் தொடர்ந்தனர்.

சுமார் 1860-ஆம் ஆண்டுக்குப் பின் பனியாறு குறையத் தொடங்கியது. இன்றுவரை அதன் முனை ஏறக்குறைய 3 கிலோமீட்டர் பின்வாங்கியுள்ளது. மலையேறுவோருக்காக 1877-இல் கட்டப்பட்ட கொன்கோர்டியா விடுதி, அன்று பனிக்குச் சற்று மேலே இருந்தது. இன்றோ பனிமட்டம் வெகுவாகத் தாழ்ந்துவிட்டதால், விடுதியை அடைய நூற்றுக்கணக்கான படிகள் ஏற வேண்டும்.

பனி விலகிய நிலம் எப்படியிருக்கும்? பனியாறு அடியில் இழுத்துவந்த கற்கள் கீறிய கோடுகள் பாறைகளில் தெரிகின்றன. அது சுமந்துவந்த கல்லும் மண்ணும் இருபுறமும் நீண்ட வரப்புகளாய்க் கிடக்கின்றன. முதலில் பாசியும் புல்லும் அங்கே குடியேறுகின்றன. பின்னர் சிறு செடிகள், அதன்பின் மரங்கள். பழைய வரப்புக்கு மேலே முதிர்ந்த காடு, கீழே இளமரங்கள். பனி எதுவரை இருந்தது என்பதை மரங்களே காட்டுகின்றன.

ஆயினும் எல்லாம் நன்மையன்று. மலைச்சரிவைத் தாங்கிநின்ற பனி போனதும் சரிவு தளர்கிறது. மூஸ்ஃப்ளூ என்னுமிடத்தில் 2016-இல் மலைச்சரிவு பெருமளவில் நகர்ந்து, நடைபாதைகள் மூடப்பட்டன. கோடையில் ரோன் நதிக்கு நீரூட்டுவதும் இத்தகைய பனியாறுகளே. வயல்களும் மின்நிலையங்களும் அந்நீரை நம்பியுள்ளன. பனி முழுதும் கரைந்தால் கோடைநீர் ஏது?

எனவே அவ்வூர் மக்கள், பனியாறு குறையாதிருக்க வேண்டுமென்று தங்கள் மன்றாட்டை மாற்ற விரும்பினர். முன்னோர் கொடுத்த வாக்காதலால் 2009-இல் திருத்தந்தையின் அனுமதியை நாடினர். 2010-இல் அது கிடைத்தது. எது வளரக் கூடாதென்று 300 ஆண்டுகளுக்கு மேல் வேண்டினார்களோ, அதுவே நிலைக்க வேண்டுமென்று இன்று வேண்டுகிறார்கள்!

2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் பனியில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதர் வெளிவிடும் புகையால் உலகம் வெப்பமாவதே இதற்கு முக்கியக் காரணம் என்பதை நாம் அறிவோம். ஐக்கிய நாடுகள் சபை 2025-ஐப் பனியாறுகளைக் காக்கும் ஆண்டாகவும், மார்ச் 21-ஐ அவற்றுக்குரிய நாளாகவும் அறிவித்தது. அன்று நல்வாழ்வு வாழ்வதாக வாக்களித்த பிறகே அம்மக்கள் வரம் கேட்டார்கள். இயற்கையைக் காக்க வேண்டுமென்று மன்றாடும் நாமும், நம் வாழ்வைச் சீர்செய்து கொண்டே கேட்போமாக.