நலமுள்ள குழந்தைகளில் சைட்டோமெகலோ வைரஸ் தொற்று: மருந்துச் சிகிச்சையின் தேவையும் எல்லையும்

முன்னுரை

ஹெர்பிஸ் குடும்பத்தைச் சார்ந்த சைட்டோமெகலோ வைரஸ், உமிழ்நீர், சிறுநீர், தாய்ப்பால் முதலியவற்றின் வழியே குழந்தைகளை அடைகிறது. நோயெதிர்ப்பாற்றல் குன்றாத குழந்தைகளில் பெரும்பாலோர்க்கு அறிகுறி தோன்றுவதில்லை. சிலருக்குக் காய்ச்சல், நெறிகட்டுதல், கல்லீரல் நொதிகளின் உயர்வு ஆகியன தோன்றித் தாமே தணிகின்றன. எனினும் ஆய்வக முடிவில் வைரஸ் உண்டு என வந்ததும் மருந்து தருவதா என்னும் வினா எழுகிறது.

மருந்தின் செயற்பாடு

கான்சிக்ளோவிர் தன்னளவில் செயலற்றது. தொற்றுண்ட செல்லில் வைரஸின் நொதியொன்று அதனுடன் பாஸ்பேட்டை இணைத்த பின்னரே அது வைரஸ் டி.என்.ஏ. உருவாவதைத் தடுக்கிறது. வாய்வழி தரப்படும் வால்கான்சிக்ளோவிர் உடலில் கான்சிக்ளோவிராக மாறுகிறது. இவை பெருகும் வைரஸை மட்டுமே தடுக்கும். வாழ்நாள் முழுதும் உடலில் உறங்கும் வைரஸை அகற்றா.

இம்மருந்துகள் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து நியூட்ரோபில் வெள்ளையணுக்களைக் குறைக்கவல்லன. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பிறவித் தொற்றுக்காக ஆறு வாரம் கான்சிக்ளோவிர் பெற்ற குழந்தைகளுள் ஏறத்தாழ 63 விழுக்காட்டினர்க்கு இக்குறைவு குறிப்பிடத்தக்க அளவில் ஏற்பட்டது. அக்குழந்தைகளின் செவித்திறனைக் காக்கும் பயன் கருதி அவ்விடர் ஏற்கப்படுகிறது. தானே தணியும் தொற்றில் அதற்கு ஈடான பயன் இல்லை.

வைரஸின் இருப்பும் நோயின் காரணமும்

பிறந்த பின் தொற்றுற்ற குழந்தை மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், சிறுநீரில் வைரஸை வெளியிடும். ஆகவே சிறுநீர்ப் பி.சி.ஆர். முடிவு வைரஸின் இருப்பை உணர்த்துமேயன்றி நோய்க்குக் காரணம் அதுவே என நிறுவாது. கைக்குழந்தையின் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் தாயிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

இவ்வேறுபாட்டை மறப்பது ஆபத்தாக முடியலாம். காமாலையும் வெளிறிய மலமும் உடைய கைக்குழந்தையிடம் இவ்வைரஸ் காணப்பட்டவுடன் அதனையே காரணமெனக் கொண்டால், பித்தநாள அடைப்பு நோய் கண்டறியப்படாது போகக்கூடும். அதற்குரிய கசாய் அறுவைச் சிகிச்சை, பிறந்த 60 நாள்களுக்குள் செய்யப்படின் பெரிதும் பயன்தரும். வைரஸ் மருந்தின் பயனை எதிர்நோக்கிக் கழியும் வாரங்கள் அவ்வாய்ப்பைக் குறைத்துவிடும்.

சிகிச்சைக்குரிய நிலைகள்

கடும் நுரையீரல் அழற்சி, கல்லீரல் செயலிழப்பு, மூளையழற்சி என உறுப்புக்குக் கேடு நேரும்போதும், பிற காரணங்கள் ஆராயப்பட்ட பின்னரும் மருந்து கருதப்படுகிறது. நலமுள்ள குழந்தைகளைப் பொறுத்தவரை இதற்கான சான்றுகள் பெரும்பாலும் தனிநிகழ்வு அறிக்கைகளே. சிகிச்சைக் காலத்தில் இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் சிறுநீரகச் செயற்பாடும் தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டும்.

முடிவுரை

சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டியது ஆய்வகத் தாளில் காணும் வைரஸ் அன்று. குழந்தையின் உறுப்புக்கு நேர்ந்துள்ள கேடும், அக்கேட்டிற்கு வைரஸே காரணம் என்னும் தெளிவுமே ஆகும்.