தேரிக்காட்டில் எத்தனை ஆடு மேயலாம்?

குலசேகரன்பட்டினத்தை அடுத்த உடன்குடி வட்டாரச் செம்மணல் மேடான தேரியில், ஐப்பசி மழைக்கு முளைத்த புல் கோடையில் கருகிவிடும். பிறகு ஆடுகள் எதைத் தின்கின்றன?

உடைமரத்தை! ஆழத்து ஈரத்தை அதன் வேர் எட்டிவிடுவதால் இலை பசுமையாகவே நிற்கும். புரதம் மிகுந்த நெற்றும் உதிரும். நெட்டையான கொடியாடு பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து கிளையை எட்டிக் கடிக்கும்.

30 கிலோ ஆட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1 கிலோ உலர்தீவனம். ஆண்டுக்கு 365 கிலோ. ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 1,000 கிலோ விளைந்தால், பாதியை மறுவளர்ச்சிக்கு விட்டபின் மிஞ்சுவது ஓர் ஆட்டுக்கே காணும்.

காங்கேயம் பகுதியில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லோடு வெள்வேல மரமும் வளர்த்து, கிளுவை வேலியிட்டு, மாற்றி மாற்றி மேய்த்து நிலத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். தேரியில் அந்த ஓய்வு இன்னும் அவசரம்: புல் அற்றால் ஆடிக்காற்று மணலை வாரிக்கொண்டு போய்விடும்.