நேர்முகத் தேர்வும் நெஞ்சுப் படபடப்பும்



நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்று எம்மிடம் வருபவர்களில் சிலருக்குப் பரிசோதனைகள் எல்லாம் சரியாகவே இருக்கும். விசாரித்தால், அடுத்த கிழமை வேலைக்கு நேர்முகத் தேர்வு என்பார்கள். தொழில் பற்றிய கேள்விகளுக்கு இவர்கள் அஞ்சுவதில்லை. "இடையில் மூன்று வருடம் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்குத்தான் அச்சம். எனவே இம்முறை சுயவிபரக் கோவையையும் நேர்முகத் தேர்வையும் உடல்நலத்தோடு சேர்த்துப் பார்ப்போம்.

லான்மடாவ் தரும் உதாரணம்

பர்மாவின் யாங்கோன் நகரில் லான்மடாவ் என்ற வட்டாரத்தில் முதலாம் மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1964இல் இது 'முதலாம் மருத்துவ நிறுவனம், ரங்கூன்' என்று தனியாக இயங்கத் தொடங்கியது. 1989இல் ரங்கூன் என்ற பெயர் யாங்கோன் ஆனது. பின்னர் நிறுவனமும் பல்கலைக்கழகம் ஆனது. 1988 மக்கள் எழுச்சியை அடுத்து நாட்டின் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக் கிடந்தன. 1996 டிசம்பர் மாணவர் போராட்டத்தின் பின்னும் அவ்வாறே நடந்தது. 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் வைத்தியர்கள் பலர் வேலையைத் துறந்து நாட்டையும் விட்டு வெளியேறினர்.

இவர்களில் ஒருவரின் விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்குப் படித்த இடத்தின் பெயர் பொருந்தாது. படிப்புக்காலம் நீண்டு தெரியும். நடுவே வெற்றிடமும் இருக்கும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் படித்த எம்மவர்களுக்கும் இதே நிலைதான். தகப்பன் பெயர் சான்றிதழில் ஓரிடத்திலும் கடவுச்சீட்டில் வேறிடத்திலும் இருப்பது எமக்குரிய மேலதிகச் சிக்கல்.

கோவையில் எழுத வேண்டியவை

* நிறுவனத்தின் இன்றைய பெயரையும் சான்றிதழில் உள்ள பழைய பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.
* "போராட்டங்களினால் பல்கலைக்கழகம் மூடப்பட்டிருந்தது" என்ற ஒரு வரி போதும். பிரித்தானியாவில் தஞ்சம் கோரியவர் முடிவு வரும்வரை பொதுவாக வேலை செய்ய முடியாது. அது சட்டம், உங்கள் சோம்பல் அல்ல. அக்காலத்தில் செய்த மொழிப் படிப்பு, தொண்டு வேலை, பெற்றோரைப் பராமரித்தமை எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள்.
* திகதிகளை மாற்றி எழுதாதீர்கள். பிரித்தானியப் பொது மருத்துவச் சபை 2018 முதல், வெளிநாட்டுப் பட்டங்களை அவற்றை வழங்கிய இடத்திலேயே உறுதிப்படுத்துகிறது.
* பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் புகைப்படம், வயது, சமயம், திருமண விபரம் தேவையில்லை. கடைசியாகச் செய்த வேலையை முதலில் எழுதுங்கள். பெரும்பாலான வேலைகளுக்கு இரண்டு பக்கம் போதும்.

உடலைத் தயார்செய்தல்

பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது. இருதயம் வேகமாக அடிக்கும், வாய் உலரும், கை நடுங்கும். இது நோயல்ல. கடினமான கேள்விக்கு மூன்று வசனங்களில் பதில் தயாரித்து, வீட்டில் ஒருவர் கேட்க நீங்கள் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். என்ன நடந்தது, அப்போது என்ன செய்தேன், இப்போது என்ன செய்ய முடியும் என்ற ஒழுங்கு நல்லது. பழகிய கேள்வி உடலை அவ்வளவாக உலுக்காது.

உள்ளே போகுமுன் ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சு விடுங்கள். உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீண்டிருக்கட்டும். முதல்நாள் மாலைக்குப் பின் கோப்பி வேண்டாம். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களும், சீனியைக் கூடுதலாகக் குறைக்கக்கூடிய குளிசை எடுப்பவர்களும் காலை உணவைத் தவிர்க்கவே கூடாது. சீனி குறைந்தாலும் இதே வியர்வையும் நடுக்கமும் வரும். படபடப்புக்கென்று மற்றவரின் குளிசையை வாங்கிப் போடாதீர்கள். அப்படிப் பாவிக்கப்படும் புரோபிரனலோல் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேசைக்கு அப்பால் மூவர் இருந்து கேள்வி கேட்பது, தடுப்புக் காவலில் விசாரிக்கப்பட்ட சிலருக்குப் பழைய நினைவுகளைக் கிளறும். பேச்சு அடைத்துப்போகலாம், இரவில் கெட்ட கனவுகள் வரலாம். இதைக் கோழைத்தனம் என்று மறைக்காமல் உங்கள் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். இதற்கு நல்ல சிகிச்சைகள் உண்டு.

நேர்முகத் தேர்வில் உங்கள் துன்பக் கதை முழுவதையும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. சொல்வது உண்மையாக இருந்தால் போதும். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவருக்குப் படபடப்பும் குறையும்.