எதிராளியை யார் தீர்மானிப்பது?

ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை வீரருக்கு எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது; குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவரோடு மோதித்தான் ஆகவேண்டும். அதே வீரர் தொழில்முறைக்கு மாறியதும் எல்லாம் தலைகீழ். அங்கே லீக் இல்லை, அட்டவணை இல்லை. யாரோடு, எந்த எடையில், எந்த ஊரில், எவ்வளவு பணத்துக்கு என்பதெல்லாம் புரமோட்டர்களும் மேலாளர்களும் ஒளிபரப்பு நிறுவனங்களும் பேசி முடிக்கிற பேரம். அதில் கூட்டம் சேர்க்கும் நட்சத்திரத்தின் கைதான் ஓங்கியிருக்கும். ஆகவே, திறமையைப் பார்க்காமல் பணத்தைப் பார்த்தே எதிராளியைப் பிடிக்கிறார்கள் என்ற புகாரில் நியாயம் உண்டு. ஆனால் பணத்தாசை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் பாதி உண்மை விடுபட்டுப்போகும்.

2016 மே மாதம் லாஸ் வேகஸில் மெக்சிகோவின் கனேலோ அல்வாரெஸ், பிரிட்டனின் அமீர் கானை ஆறாவது சுற்றில் ஒரே வலக்கைக் குத்தில் சாய்த்தார். கானுக்குப் பெயர் பெரிது, உடம்பு சிறிது. இரண்டு எடைப்பிரிவு கீழேயிருந்து ஏறி வந்தவர். கனேலோவிடமிருந்த டபிள்யூபிசி அமைப்பின் மிடில்வெயிட் உலகப் பட்டத்துக்கு முறைப்படி அடுத்த சவாலாளி கஜகஸ்தானின் கென்னடி கொலோவ்கின். ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். தொழில்முறையில் தோல்வியே காணாதவர். கடைசி 22 எதிராளிகளையும் முழுச்சுற்று ஆடவிடாமல் முடித்தவர். அவரோடு மோதுவதற்குப் பதிலாக, அதே மாதம் கனேலோ பட்டத்தையே துறந்தார். இருவரும் மோதியது 2017 செப்டம்பரில். அப்போது கொலோவ்கினுக்கு வயது 35. போட்டி சமனில் முடிந்தது. கட்டணம் கட்டி அதைப் பார்த்த வீடுகள் சுமார் 13 லட்சம்.

தகுதியான இருவர் மோதினால் பணமும் கொட்டும் என்பதற்கு அந்த எண்ணிக்கையே சாட்சி. பிறகு ஏன் தள்ளிப்போட வேண்டும்? தொழிலுக்குள் இருப்பவர்கள் போடுகிற கணக்கு வேறு: ஆபத்து எவ்வளவு, ஆதாயம் எவ்வளவு? ஆபத்தான எதிராளிக்கு வயது ஏறட்டும், ரசிகரின் ஆவல் கூடட்டும் என்று காத்திருப்பவருக்கு நஷ்டமில்லை. அமெரிக்காவின் மேவெதர், பிலிப்பைன்ஸின் பக்கியாவ் என்ற இரு பெரும் நட்சத்திரங்களின் மோதலுக்கான பேச்சு, ரத்தப் பரிசோதனைத் தகராறில் 2010-லேயே முறிந்தது. 2015 மே 2 அன்று ஒருவழியாக மோதியபோது ஒருவருக்கு 38, மற்றவருக்கு 36. இருவரின் உச்சமும் கடந்திருந்தது. ஆனாலும் 46 லட்சம் வீடுகள் பணம் கட்டின. தாமதத்துக்கே பரிசு கொடுக்கிற சந்தை இது.

அடிவாங்குவது வீரர்களின் தலை. சில ஆண்டுகளுக்குள் சம்பாதித்தாக வேண்டியவர்கள் லாபம் பார்ப்பது தவறா என்று கேட்கலாம். தவறில்லை. ஆனால் உலகச் சாம்பியன் பட்டத்தைச் சுமப்பவருக்கு ஒரு கடமையும் உண்டு. வரிசையில் காத்திருப்பவருக்கும் அதே சில ஆண்டுகள்தான். ரசிகர்கள் விரும்பித்தானே பணம் கட்டுகிறார்கள் என்பது அடுத்த வாதம். தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுவரை ஒருமுறைகூட இறங்காத கலப்புச் சண்டை வீரர் கானர் மெக்ரிகரோடு 2017-ல் மேவெதர் மோதியதைச் சுமார் 43 லட்சம் வீடுகள் வாங்கின. கேளிக்கையாக அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மேவெதரின் 50-வது வெற்றியாக அது ஏடேறியதை எப்படி ஏற்பது? முதலிடச் சவாலாளியைச் சாம்பியன் சந்தித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயச் சவாலாளி விதி இருக்கிறதே என்பார்கள். டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என உலகப் பட்டம் வழங்கும் நான்கு அமைப்புகளும் அந்த விதியை வைத்திருக்கின்றன. ஆனால் பட்டப் போட்டியில் வீரர் பெறும் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்குபவையும் அவையே. பெரிய நட்சத்திரத்தைப் பகைத்துக்கொண்டால் அவற்றுக்கும் வருமானம் குறையும்.

தோற்றால் சந்தை போய்விடும் என்ற பயமும் மிகையானது. 2022-ல் கனேலோ, எடை கூட்டிப் போய் டிமிட்ரி பிவோலிடம் தோற்றார். அவர் மவுசு குறையவில்லை. துணிந்து மோதுபவர் வெல்லவும் முடியும்: 2025 செப்டம்பரில் டெரன்ஸ் கிராஃபோர்ட் இரண்டு எடைப்பிரிவு ஏறிவந்து அதே கனேலோவை வென்றார். அப்படியானால் தீர்வு என்ன? வீரர் கேட்கும் தொகையைக் குறைக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. தரவரிசையைப் பட்டக் கட்டணம் வாங்காத ஓர் அமைப்பிடம் ஒப்படைத்து, குறித்த கெடுவுக்குள் முதலிடச் சவாலாளியைச் சந்திக்காத சாம்பியனின் பட்டத்தைப் பறிக்க வேண்டும். அதுவரை, பெல்ட்டின் பளபளப்பைப் பார்த்து யாரையும் சிறந்தவர் என்று ஒப்புக்கொள்ள வேண்டாம்; அவர் யாரைச் சந்தித்தார், எப்போது சந்தித்தார் என்று கேளுங்கள்.