நூலகர் துப்பறிகிறார்

ஒற்றையும் நூலையும் அரசனுக்கு இரு கண்களாக வைத்துப் பேசியவர் வள்ளுவர். அவர் அங்குக் குறித்த நூல் அரசியல் நூல். ஒற்று என்றதும் அரசனது ஒற்றே. ஆயினும் அவ்விரு கண்களும் ஒருவர் முகத்திலேயே அமைந்து, அம்முகத்தில் ஒரு மூக்குக்கண்ணாடியும் ஏறிவிட்டால் எப்படியிருக்கும்? இவ்வினாவுக்கு ஆங்கிலப் புனைகதை உலகம் நகைச்சுவையோடு ஒரு விடை தந்துள்ளது. சிற்றூர் நூலகர் துப்பறியும் கதைகளே அவ்விடையாகும். பொழுதுபோக்கு நூல்கள்தாமே என்று ஒதுக்கிவிடாமல், அவற்றின் இயல்பையும் அவை எழுப்பும் ஓர் அறக்கேள்வியையும் ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

இதமான மர்மம்

துப்பறியும் கதைகளுள் ஒரு வகையை ஆங்கிலத்தார் 'கோஸி' என்பர். குளிர்காலத்தில் கணப்பின் அருகே அமர்ந்திருக்கும் இதத்தைக் குறிக்கும் சொல் அது. கொலையைப் பற்றிய கதைக்கு இதம் என்று பெயரா என வியக்கத் தோன்றும். இக்கதைகளில் குற்றம் பெரும்பாலும் திரைக்குப் பின்னே நிகழும். குருதியும் கொடுமையும் விரித்துரைக்கப்படா. களம் ஒரு சிற்றூர். அங்கு எல்லாரும் எல்லாரையும் அறிவர். துப்பறிபவர் காவல்துறை சாராத ஒருவர். துப்பாக்கிக்கு மாறாக அவர் கையில் தேநீர்க் கோப்பை இருக்கும். இறுதியில் குலைந்த ஒழுங்கு மீளும். ஊர் மறுபடியும் வம்பு பேசத் தொடங்கும்.

இவ்வகைக்குத் தாயாக மதிக்கப்படுபவர் அகதா கிறிஸ்டி. அவர் படைத்த மிஸ் மார்ப்பிள் என்னும் முதிய பெண்மணி 1930இல் முதன்முதலாக ஒரு நாவலின் தலைவியானார். அவர் வாழும் செயின்ட் மேரி மீட் என்னும் கற்பனைச் சிற்றூரே அவருக்குப் பல்கலைக்கழகம். மனித இயல்பு எங்கும் ஒன்றே என்பதால், தம் ஊர்க் கறிக்கடைக்காரரையும் பணிப்பெண்ணையும் அறிந்தவருக்குக் கொலையாளியையும் அறிய இயலும் என்பது அவர் கொள்கை. கிறிஸ்டியின் பெயரால் அமெரிக்காவில் 1989 முதல் இவ்வகை நூல்களுக்குப் பரிசு வழங்கப்பட்டு வருகிறது. பரிசுப் பொருள் என்ன தெரியுமா? ஒரு தேநீர்க் கெண்டி!

நூலகர் ஏன்?

நூலக அறையில் பிணம் கிடப்பது கிறிஸ்டி காலத்திலேயே தேய்ந்த வழக்காகிவிட்டது. அவ்வழக்கை வைத்தே 1942இல் அவர் ஒரு நாவல் எழுதினார். ஆனால் அது ஒரு செல்வர் மாளிகையின் நூலகம். அங்கு நூலகர் இல்லை. பொது நூலகத்தின் நூலகரே துப்பறியும் கதைத் தொடர்கள் 1990க்குப் பின் பெருகின. ஷார்லெய்ன் ஹாரிஸ் 1990இல் அரோரா டீகார்டன் என்னும் குள்ளமான இளம்பெண்ணை அறிமுகம் செய்தார். ஜார்ஜியா மாநிலத்துக் கற்பனைச் சிற்றூர் ஒன்றின் நூலகர் இவர். பழைய கொலை வழக்குகளை ஆராயும் ஒரு மன்றத்தில் இவர் உறுப்பினர். அம்மன்றத்தில் பேசப்படவிருந்த பழைய வழக்கைப் போலவே ஓர் உறுப்பினர் கொல்லப்படுகிறார். ஏட்டறிவு வாசற்படியில் வந்து நின்றால் எப்படியிருக்கும் என்பதை அந்நாவல் காட்டுகிறது.

நூலகரின் தொழிலே துப்பறிவுக்குப் பயிற்சி என்பது ஆழ்ந்து நோக்கின் விளங்கும். முதலாவது, ஒழுங்கறிவு. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண். ஒவ்வோர் எண்ணுக்கும் ஓரிடம். இடம் மாறியதும் காணாமற்போனதும் அவர் கண்ணுக்கு உடனே தட்டுப்படும். தடயம் என்பதும் இடம் மாறிய பொருள்தானே! இரண்டாவது, கேட்கும் கலை. வாசகர் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது மற்றொன்று என்பதை நல்ல நூலகர் அறிவார். சீர்காழி தந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் என்பதும் ஒன்று. அவ்விதியை நிறைவேற்ற வாசகரின் உள்ளத்தை ஒருவாறு துப்பறிந்தே ஆகவேண்டும். மூன்றாவது, ஊரறிவு. யார் எதைப் படிக்கிறார் என்பதை அவரே அறிவார்.

காணாமற்போன நூல்கள்

பிணமே இல்லாமலும் நூலக மர்மம் எழுதலாம் என்று காட்டியவர் இயான் சான்சம். 2006இல் வெளிவந்த அவர் நாவலில், லண்டனிலிருந்து இஸ்ரேல் ஆம்ஸ்ட்ராங் என்னும் இளைஞர் வட அயர்லாந்தின் டம்ட்ரம் என்னும் கற்பனைச் சிற்றூருக்கு நூலகராக வருகிறார். வந்து பார்த்தால் நூலகம் மூடப்பட்டிருக்கிறது! அவர் ஓட்டவேண்டியது ஒரு பழைய நடமாடும் நூலக வண்டி. தங்கக் கிடைத்தது ஒரு கோழிக்கூடு. நூல்களையாவது பார்ப்போம் என்றால், பதினையாயிரம் நூல்களும் மாயமாகிவிட்டன. அப்பாவியான இவர் தவறான ஆட்களையே சந்தேகித்துத் தடுமாறுவதே நாவலின் நகைச்சுவை. நூல்கள் எங்குப் போயின என்பதை நாம் சொல்லப் போவதில்லை. மர்மக் கதையின் முடிவைச் சொல்வது விருந்துக்கு முன்பே இலையை எடுப்பது போன்றது.

நூல்கள் காணாமற்போவதை ஓர் ஊரின் பெருங்குற்றமாகக் கருதி முந்நூறு பக்கம் எழுத முடிகிறதென்றால், நூலகத்தின் அருமை அதில் உணர்த்தப்படுகிறது. மன்னார்குடிப் பகுதியில் 1931இலேயே மாட்டுவண்டியில் நூலகத்தை ஊர் ஊராக ஓட்டிய தமிழர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அறிந்ததை என் செய்வது?

இனி அறக்கேள்விக்கு வருவோம். ஒருவர் எடுத்துச் சென்ற நூல்களைக் கொண்டே அவரது நோய், கடன், மனத்துயர் ஆகியவற்றை ஊகிக்க இயலும். அவ்வறிவைத் துப்பறிவுக்குப் பயன்படுத்தலாமா? வாசகரைப் பற்றி அறியவரும் தனிச்செய்திகளை மறைபொருளாகக் காப்பது நூலகரின் கடமை என அமெரிக்க நூலகச் சங்கம் 1939இலேயே தன் ஒழுக்க நெறியில் வகுத்தது. எனவே துப்பறியும் நூலகர் இருதலைக் கொள்ளி எறும்பாகிறார். சொன்னால் நம்பிக்கை கெடும். சொல்லாவிட்டால் குற்றவாளி தப்புவான்.

இவ்விடத்தில் நம் மாணவப் பருவ நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. தேர்வுக் காலம். தொல்காப்பியச் சேனாவரையர் உரை நூலகத்தில் ஒரே படி, வீட்டுக்குக் கொடார். பிறர் கையில் சிக்காதிருக்க, நாம் அதனைத் தாவரவியல் அலமாரியில் பெருநூல்களுக்குப் பின்னே மறைத்து வைத்தோம். நாள்தோறும் சென்று எடுத்துப் படித்தோம். நான்காம் நாள் நூல் இல்லை. அவ்விடத்தில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது: "நூல் தன் இடத்தில் உள்ளது. மாலை நான்கு மணிக்குமேல் கூட்டம் குறைவு, அப்போது வரலாம்." பெயரும் இல்லை, கண்டனமும் இல்லை.

ஆசிரியரான பின்னர் அவரைச் சந்தித்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் எனக் கேட்டோம். "தம்பி, ஓராண்டாகத் தூசி தட்டாத அலமாரியில் மட்டும் கைபட்ட தடம். தமிழ் படிக்கும் பிள்ளை மூன்று நாளாகத் தாவரவியல் பக்கம் நிற்கிறது. இதற்குத் துப்பறிவாளர் வேண்டுமா?" என்று சிரித்தார். அந்த நூலைத் தேடி அலைந்த நம் வகுப்புத் தோழர் எழுவருக்கும் அவர் இறுதிவரை நம் பெயரைச் சொல்லவில்லை.

மிஸ் மார்ப்பிளும் அரோராவும் கற்பனை. ஆனால், குற்றத்தைக் கண்டுபிடித்து, நூலை அதன் இடத்தில் சேர்த்து, குற்றவாளியின் மானத்தையும் காத்த துப்பறிவாளர் ஒருவர் ஒரு கல்லூரி நூலகத்தின் மூலையில் முப்பதாண்டுகள் அமர்ந்திருந்தார். அன்று அவர் நம் பெயரைப் பலகையில் எழுதியிருந்தால், நாம் அந்நூலகத்துள் மீண்டும் நுழைந்திருப்போமா என்பது ஐயமே. மாணவச் செல்வங்களே, நீங்கள் எடுத்த நூலை எடுத்த இடத்திலேயே வையுங்கள். மறைத்து வைத்தால், உங்கள் நூலகர் ஏற்கெனவே அறிந்திருப்பார் என்பதை மட்டும் மறவாதீர்கள்!