ஆங்கில நாட்டில் ஆங்கிலம் எட்டாத பிள்ளைகள்

ஆசியாவில் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்கள் யார் என்று கேட்டால், பிலிப்பைன்ஸ் மக்களைப் பலரும் தயங்காமல் சொல்வார்கள். வளைகுடா நாட்டு மருத்துவமனைகளில் செவிலியர்களாகவும், உலகக் கப்பல்களில் மாலுமிகளாகவும் அந்நாட்டவர் ஏராளமாகப் பணிபுரிகின்றனர். கால் சென்டர் தொழிலில் நம் நாட்டுடன் போட்டியிட்டு, 2010-ஐ ஒட்டி நம்மை முந்தியும் விட்டனர். இன்று அத்தொழிலில் மட்டும் அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கிறார்கள்.

இதே நாட்டைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 15 வயது மாணவர்களுக்காகப் பல நாடுகளில் நடத்தப்படும் பீசா தேர்வில், 2018-இல் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனில் பிலிப்பைன்ஸ் கடைசி இடம் பெற்றது. அங்கே அத்தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது. 2022-ஆம் ஆண்டுத் தேர்விலும் மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டவில்லை.

இரண்டு செய்திகளும் உண்மைதான். ஒரே நாட்டில் இவை இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கப்பலில் வந்த ஆசிரியர்கள்

ஸ்பெயின் நாட்டார் பிலிப்பைன்சை 300 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டனர். ஆனால் ஊர்தோறும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று எனத் தொடக்கப்பள்ளி வேண்டும் என்ற ஆணை 1863-இல்தான் வந்தது. ஸ்பானிய மொழி செல்வந்தர் வீடுகளோடு நின்றுவிட்டது.

1898-இல் நாடு அமெரிக்கர் கைக்கு மாறியது. 1901-இல் பொதுக் கல்வித்துறை அமைத்து, ஆங்கிலத்தையே பயிற்றுமொழி ஆக்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் 'தாமஸ்' என்ற கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்து இறங்கினர். கப்பலின் பெயரால் அவர்களைத் 'தாமசைட்டுகள்' என்றே அழைக்கிறார்கள்.

பள்ளிகள் பெருகின, ஏழைப் பிள்ளையும் பள்ளிக்கு வந்தது. இது பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் 1925-இல் மன்றோ குழு ஆய்வு செய்தபோது, நூற்றுக்கு 82 பிள்ளைகள் நான்காம் வகுப்பைத் தாண்டுவதில்லை என்று தெரிந்தது. வீட்டில் யாரும் பேசாத மொழியில் நான்கு வருடம் படித்துவிட்டு வயலுக்குப் போகிற பிள்ளையிடம் அந்த மொழி எவ்வளவு காலம் தங்கும்? படிப்பைத் தொடர வசதி உள்ளவனுக்கே ஆங்கிலம் நிலைத்தது. இன்று காணும் ஏற்றத்தாழ்வின் வேர் இங்கே இருக்கிறது.

கேஜ் மாறும் இடம்

7,600-க்கும் மேற்பட்ட தீவுகள், 170-க்கும் மேற்பட்ட மொழிகள் கொண்ட நாடு அது. தகாலோக் மொழியை அடிப்படையாகக் கொண்ட 'பிலிப்பினோ'வும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகள். 1974-இல் வந்த இருமொழிக் கொள்கையின்படி கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில். சமூகப் பாடங்கள் தேசிய மொழியில். தகாலோக் பேசாத மாகாணத்துப் பிள்ளைக்கு இரண்டுமே புதிய மொழிகள்.

ரயில்வேயில் இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொல்கிறேன். மீட்டர் கேஜ் முடிந்து பிராட் கேஜ் தொடங்கும் இடத்தில் வண்டி அப்படியே ஓடாது. சரக்கை இறக்கி ஏற்ற யார்டு வேண்டும், ஆட்கள் வேண்டும், நேரம் வேண்டும். பீகாரில் கர்ஹராவில் இதற்கென்றே பெரிய யார்டு இருந்தது. பள்ளியின் முதல் இரண்டு மூன்று வகுப்புகள் அப்படிப்பட்ட யார்டு. அங்கே இடமும் ஆளும் இல்லாவிட்டால் சரக்கு வழியிலேயே தங்கிவிடும்.

மணிலாவில் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சிரமம் இல்லை. பெற்றோர் பேச்சிலேயே ஆங்கிலம் கலந்திருக்கும். வீட்டில் புத்தகங்கள் இருக்கும். தனியார் பள்ளி இருக்கும். மலைநாட்டுப் பிள்ளைக்கோ ஆங்கிலம் வகுப்பறையில் மட்டுமே காதில் விழும். நெரிசலான அரசுப் பள்ளிகளில் காலை, மாலை என இரண்டு ஷிப்டு முறையும் உண்டு. யாராவது உயர்ந்த ஆங்கிலத்தில் பேசினால், "எனக்கு மூக்கில் ரத்தம் வருகிறது" என்று அந்நாட்டவர் வேடிக்கையாகச் சொல்வார்கள். சிரிப்பதற்குச் சொல்வதுதான், ஆனால் அதில் கூச்சமும் கலந்திருக்கிறது.

2013-இல் லவோக் நகரத் தனியார் பள்ளி ஒன்றில், தாய்மொழியான இலோகானோவில் பேசியதற்காக மூன்று மாணவர்கள் பள்ளியை விட்டு அனுப்பப்பட்டனர். நாடெங்கும் அது பெரிய சர்ச்சையானது.

அந்நாட்டின் சட்டங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆகவே ஆங்கிலம் எட்டாதவன் நல்ல வேலையை மட்டும் இழப்பதில்லை. தன் வழக்கின் தீர்ப்பையும் பிறர் படித்துச் சொல்லித்தான் அறிய வேண்டும்.

சோதித்துப் பார்த்த உண்மை

இதற்கு விடை அந்நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 1948 முதல் 1954 வரை இலோய்லோ மாகாணத்தில், கல்வி அதிகாரி ஹோசே அகிலார் முயற்சியில் ஒரு சோதனை நடந்தது. சில பள்ளிகளில் முதல் இரண்டு வகுப்புகளை உள்ளூர் மொழியான ஹிலிகைனோனில் நடத்தி, மூன்றாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். முதலிலிருந்தே ஆங்கிலத்தில் படித்த பிள்ளைகளை அவர்கள் கணக்கிலும் சமூகப் பாடத்திலும் மிஞ்சினார்கள். ஆங்கிலத்தில் இருந்த பின்னடைவையும் சில மாதங்களிலேயே ஈடுகட்டி விட்டார்கள். பின்னர் கலிங்கா மாகாணத்து லுபுவாகன் ஊரில் நடந்த முயற்சியிலும் தாய்மொழியில் தொடங்கிய பிள்ளைகளே முன்னணியில் நின்றனர்.

இதன் பயனாக 2012-இல் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழி வழிக் கல்வி நாடெங்கும் வந்தது. 19 மொழிகள் பயன்படுத்தப்பட்டன. ஆனால் புத்தகம், அகராதி, ஆசிரியர் பயிற்சி எல்லாம் பின்தங்கின. பல மொழிக்காரர் கலந்திருக்கும் நகர வகுப்புகளில் எது தாய்மொழி என்பதே சிக்கலாயிற்று. 2024 அக்டோபரில் ஒரு புதிய சட்டம், பிலிப்பினோவும் ஆங்கிலமுமே மீண்டும் பயிற்றுமொழிகள் என்றது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மொழி பேசும் வகுப்புகளில் மட்டும், நிபந்தனைகளோடு தாய்மொழி தொடரலாம். கொள்கை நல்லதாக இருந்தும், அதற்குரிய ஏற்பாடு இல்லாமல் கைவிடப்பட்டது.

அரசு வேறு வழிகளிலும் முயலாமல் இல்லை. பிள்ளைகளை ஒழுங்காகப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள். 2017 முதல் அரசுக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் இல்லை. மாடிக்குப் போகக் கட்டணம் இல்லை என்பது சரி. கீழ்ப்படிகள் உடைந்திருந்தால் ஏறுவது எப்படி?

நமக்கு என்ன?

வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளிலும் தமிழ், தெருவில் வேறொரு மொழி, பள்ளியில் ஆங்கிலம். பிள்ளைக்கு ஆங்கிலம் வரவேண்டும் என்பதற்காக வீட்டிலும் தமிழை நிறுத்திவிடுகிற பெற்றோர் நம்மில் இருக்கிறார்கள். அவர்கள் இலோய்லோ சோதனையை எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டு மொழியில் தெளிவாகச் சிந்திக்கப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழி விரைவில் கைவருகிறது.

இன்னொன்றும் உண்டு. நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் பிள்ளையும் ஏதோ ஒரு பள்ளியில் புரியாத மொழியில் பாடம் கேட்டுக்கொண்டிருக்கலாம். மாலையில் நம் பிள்ளையோடு அதையும் அரைமணி நேரம் உட்கார வைத்தால், அந்தப் பிள்ளைக்கு அது பேருதவியாக இருக்கும்.